அதிகம் முட்டையிடும் கோழியின் முட்டை நன்றாகப் பொரியுமா? கோழி மரபு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்குன்றம், திருநின்றவூர், மாதவரம், படப்பை என்று சென்னையைச் சுற்றி வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் நிறையப் பேர். சிறுவிடை, அசில், கருங்கோழி என்று ஆளுக்கொரு விருப்பம். கையில் பத்துப் பதினைந்து பெட்டை சேர்ந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: நன்றாக முட்டையிடுகிற கோழியையே தாயாக வைத்து இனத்தைப் பெருக்க வேண்டும். நியாயமான ஆசை. ஆனால் முட்டை எண்ணிக்கை, கரு கூடுவது, குஞ்சு பொரிவது ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை அல்ல. எங்கே கட்டு இறுக்கம், எங்கே தளர்வு என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தால் இரண்டு மூன்று தலைமுறை வீணாகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் கேள்வி பதில்.

கரு கூடுவதும் குஞ்சு பொரிவதும் ஒன்றுதானே?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காதவரை மற்ற எந்தக் கேள்விக்கும் சரியான விடை கிடைக்காது.

நூறு முட்டை அடைக்கு வைக்கிறீர்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் தொண்ணூறில் கரு தெரிகிறது. கடைசியில் எழுபத்திரண்டு குஞ்சு வெளியே வருகிறது. இங்கே கருவுறும் தன்மை 90 சதவீதம். கரு கூடிய முட்டைகளில் பொரிந்தது 80 சதவீதம். வைத்த முட்டைகளில் பொரிந்தது 72 சதவீதம். ஒருவர் "எனக்கு 80 வந்தது" என்றும் இன்னொருவர் "எனக்கு 72 தான்" என்றும் சொன்னால், இருவருடைய கோழியும் ஒரே தரமாகவே இருக்கலாம்.

கரு கூடாத முட்டை என்றால் முதலில் சேவலைப் பார்க்க வேண்டும். அப்புறம் பெட்டையின் உடலில் விந்து எவ்வளவு நாள் தங்குகிறது என்பது வரும். கரு கூடிப் பாதியில் செத்த முட்டை வேறு கதை: முட்டையின் ஓடு, அதில் தாய் வைத்த சத்து, அடைச் சூடு, கருவின் சொந்த மரபணுக்கள். மூன்றாம் நான்காம் நாளில் செத்த கருவை டார்ச் வெளிச்சத்தில் வெறும் முட்டை என்று எண்ணிவிடுவது ரொம்ப சாதாரணம். சந்தேகம் வந்தால் உடைத்துப் பாருங்கள். மெல்லிய ரத்த வளையம் இருந்தால் கரு கூடியிருக்கிறது, சேவல்மேல் பழி இல்லை.

கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை அடைக்கு வைத்தால் குஞ்சு வருமா?

வராது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் கோழிகளுடன் சேவல் கிடையாது. முட்டை வர சேவல் வேண்டாம், குஞ்சு வரத்தான் வேண்டும்.

மரபுத் தொடர்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு குணத்தைக் கூட்டும் மரபணுக்கள் இன்னொரு குணத்தையும் கூட்டினால் அது நேர்த் தொடர்பு, குறைத்தால் எதிர்த் தொடர்பு. -1 முதல் +1 வரை எண்ணால் குறிப்பார்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டும் தனித்தனி வழியில் போகின்றன என்று பொருள். ஒரே மரபணு இரண்டு வேலை செய்வதாலும் இது வரலாம், இரண்டு மரபணுக்கள் குரோமோசோமில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கடத்தப்படுவதாலும் வரலாம்.

இதைக் கண்ணால் காணும் தொடர்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல தீவனமும் நிழலும் கிடைத்த கோழி முட்டையும் அதிகம் போடும், குஞ்சும் நன்றாகப் பொரிக்கும். அது பராமரிப்பு கொடுத்த தொடர்பு, குஞ்சுக்குப் போகாது. மரபுத் தொடர்பைப் பிரித்தெடுக்க, ஒரே இடத்தில் ஒரே தீவனத்தில் வளர்ந்த பல குடும்பங்களை ஒப்பிடுவார்கள். ஒரு சேவலுக்குப் பல பெட்டைகளிடம் பிறந்த மகள்கள் எல்லாம் ஒரு குடும்பம். இப்படிப் பல சேவல்களின் மகள்களை வைத்து, எந்தத் தகப்பனின் பெண்கள் அதிகம் முட்டையிடுகிறார்களோ அதே பெண்களின் முட்டை நன்றாகப் பொரிகிறதா என்று கணக்கிடுவார்கள்.

சரி, அப்படிக் கணக்கிட்டதில் என்ன தெரிந்தது?

ஒவ்வொரு குணமும் எந்த அளவுக்கு மரபால் கடத்தப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முட்டையின் எடை நன்றாகக் கடத்தப்படும் குணம். கோழிக்குக் கோழி தெரியும் வேறுபாட்டில் பாதியளவு மரபணுக்களின் கூட்டுத் தொகையால் வருகிறது, அதாவது 0.5-ஐ ஒட்டி. முட்டை எண்ணிக்கை பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரை. கருவுறும் தன்மை 0.1-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோதான். பொரிப்புத் திறனும் அதே போலக் குறைவு, 0.05 முதல் 0.2 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய அடித்தளத்தின் மேல் தொடர்பைக் கணக்கிடும்போது எண் நிலையாக நிற்பதில்லை. முட்டை எண்ணிக்கைக்கும் கருவுறும் தன்மைக்கும், முட்டை எண்ணிக்கைக்கும் பொரிப்புத் திறனுக்கும் இடையில் ஒரு கூட்டத்தில் சிறிய நேர்த் தொடர்பு வரும், இன்னொன்றில் பூஜ்யம், வேறொன்றில் லேசான எதிர்த் தொடர்பு. பெரும்பாலும் சிறியது, பிழையெல்லை பெரியது. கருவுறும் தன்மைக்கும் மொத்தப் பொரிப்புக்கும் மட்டும் தொடர்பு வலுவாக வரும். அதில் அதிசயமில்லை, கரு கூடாத முட்டை பொரியவே முடியாது, ஒரே எண் இரண்டு கணக்கிலும் நுழைகிறது.

ஆகவே முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பொரிப்புத் திறன் தானாக உயரும் என்று நம்ப ஆதாரம் இல்லை. அதேபோல, முட்டை கூடினால் பொரிப்பு கட்டாயம் சரியும் என்ற பயமும் வேண்டாம். தனித்தனியாகக் கவனித்தால் இரண்டையும் ஒரே கூட்டத்தில் காப்பாற்றலாம். லேயர் எனப்படும் வணிக முட்டைக்கோழி இனங்களே இதற்குச் சாட்சி: ஆண்டுக்கு 300-ஐத் தாண்டி முட்டையிடும் மகள்களைத் தரும் தாய்க்கோழிகளின் முட்டைகள் நல்ல பொரிப்பகத்தில் 80 சதவீதத்தை ஒட்டியோ மேலோ பொரிகின்றன.

குறைவாகக் கடத்தப்படுகிறது என்றால் மரபணுவுக்கு அதில் வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. கரு கூடாத, பொரியாத வம்சங்கள் காலங்காலமாகத் தாமே அழிந்துபோய்விட்டதால், கூட்டித் தேர்ந்தெடுக்கக்கூடிய வேறுபாடு கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மிச்சமுள்ள மரபு வேறுபாட்டில் பெரும்பகுதி, தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் மரபணுக்கள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதில் இருக்கிறது. நெருங்கிய உறவில் இணை சேர்த்தால் பொரிப்பு படுத்துவிடுவதும், வேற்று ரத்தம் வந்ததும் எழுந்து நிற்பதும் இதனால்தான்.

தினமும் முட்டை போட்டால் சத்து வற்றி, முட்டை பொரியாது என்கிறார்களே?

பெரியவர்கள் பலர் உறுதியாகச் சொல்வது. ஒரே கூட்டத்துக்குள் கோழிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் இதற்கு எதிர்: விடாமல் தொடர்ந்து முட்டையிடும் பெட்டைகளின் முட்டையில் கரு நன்றாகக் கூடுகிறது, பொரிப்பும் மோசமில்லை.

பெட்டையின் முட்டைக்குழாயில், ஓடு கட்டும் பையும் யோனிக் குழாயும் சேரும் இடத்தில், விந்தணுக்களைச் சேமிக்கும் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை சேவல் சேர்ந்தால் இரண்டு வாரம் வரை, சிலவற்றில் மூன்று வாரம் வரை, அங்கிருந்து விந்தணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விழுந்த கால் மணி நேரத்துக்குள் கரு கூடியாக வேண்டும், அதன்பின் வெள்ளைக் கரு மூடிவிடும். முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம், அதில் ஓடு கட்ட மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம். இத்தனை நேரமும் கரு தாயின் உடல் சூட்டில் வளர்ந்துகொண்டே இருப்பதால், முட்டை வெளியே வரும்போது கருவில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். ஒழுங்காக இயங்கும் குழாயும் ஒழுங்கான ஹார்மோன் சுழற்சியும் முட்டை எண்ணிக்கைக்கும் உதவுகின்றன, கருவுக்கும் உதவுகின்றன. சில கூட்டங்களில் வரும் சிறிய நேர்த் தொடர்புக்கு இது ஒரு நியாயமான விளக்கம்.

"சத்து வற்றுகிறது" என்ற பேச்சில் உண்மை இருக்கும் இடம் தீவனம். கடையில் கிடைக்கும் லேயர் தீவனம் முட்டைக்காகச் செய்தது. குஞ்சு வளர வேண்டிய முட்டைக்கு ரிபோஃபிளேவின் போன்ற வைட்டமின்கள் கூடுதலாக வேண்டும். தாய்க்கோழிக்கு அதற்கென்றே பிரீடர் தீவனம் உண்டு. கிடைக்காவிட்டால் கீரை, முளைகட்டிய தானியம், கொஞ்சம் மீன் கழிவு சேர்த்துக் கொடுங்கள்.

அப்படியானால் உண்மையான எதிர்த் தொடர்பு எங்கே இருக்கிறது?

உடல் எடையிலும் முட்டை எடையிலும். இங்கே கட்டு இறுக்கம்.

முட்டை எண்ணிக்கைக்கும் முட்டை எடைக்கும் எதிர்த் தொடர்பு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் இழுத்தால் முட்டை சிறுத்துக்கொண்டே வரும். பெரிய முட்டையை மட்டும் எடுத்து அடைக்கு வைத்தால் எண்ணிக்கை குறையும். அதோடு, அந்த இனத்தின் சராசரியை விட்டு ரொம்பப் பெரிய முட்டையும் ரொம்பச் சிறிய முட்டையும் நடுத்தர முட்டை அளவுக்குப் பொரிவதில்லை. "இருப்பதிலேயே பெரிய முட்டையாப் பார்த்து வை" என்பது நம் வீடுகளில் பழகிப்போன அறிவுரை. அதைக் கைவிடச் சொல்லிக் கெஞ்சுவேன். இரட்டை மஞ்சள் கரு முட்டை பெரும்பாலும் பொரிவதே இல்லை.

உடல் எடை விஷயம் இன்னும் கடுமை. கறிக்கோழியின் தாய் தந்தைக் கூட்டங்களைப் பாருங்கள். வேகமாகக் கனக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தப் பெட்டைகளுக்கு வயிறு நிறையத் தீவனம் கொடுத்தால் சினைப்பையில் ஒரே நேரத்தில் பல மஞ்சள் கருக்கள் முதிர்ந்து, இரட்டைக் கரு முட்டையும் ஓடில்லா முட்டையும் கூடி, அடைக்கு உதவும் முட்டை குறைந்துவிடுகிறது. அதனால்தான் அவற்றுக்கு அளந்து போடுகிறார்கள். அசிலில் உயரமும் கனமும் பார்த்தே பல தலைமுறை தேர்ந்தெடுத்தோம். அது குறைவாக முட்டையிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மைக்கேல் லெர்னர் என்ற மரபியலாளர் வெள்ளை லெகார்ன் கோழிகளைக் கால் நீளத்துக்காக மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார். கால் நீண்டது. கூடவே முட்டையும் பொரிப்பும் சரிந்தன. தேர்வை நிறுத்தியதும் கால் நீளம் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கியது. 1950-களில் அவர் இதை விரிவாக எழுதினார். ஒரே குணத்தைக் கண்மூடித்தனமாக இழுத்தால், நாம் அளக்காத இனப்பெருக்கத் திறன் பின்னால் சரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அழகுக்காக வால், கொண்டை, நிறம் என்று தேர்ந்தெடுப்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது.

அடை காக்கிற கோழியின் முட்டைதான் நன்றாகப் பொரியுமா?

அடைக் குணம் என்பது தாயின் நடத்தை. பொரிப்புத் திறன் முட்டைக்கும் அதனுள்ளிருக்கும் கருவுக்கும் உரியது. அடையே உட்காராத வெள்ளை லெகார்னின் முட்டை இன்குபேட்டரில் அருமையாகப் பொரிகிறது.

அடைக் குணத்துக்கும் முட்டை எண்ணிக்கைக்கும் இடையில்தான் மோதல். நம் நாட்டுப் பெட்டை பத்துப் பதினைந்து முட்டை போடும். பிறகு புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், சினைப்பை சுருங்கும், கோழி உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு சுற்றும். இப்படி ஆண்டுக்கு மூன்று நான்கு சுற்றுதான் முடியும். ஆண்டு முட்டை ஐம்பது அறுபதில் நிற்பதற்கு இதுவே முதல் காரணம். குஞ்சுகளைச் சீக்கிரம் பிரித்துச் செயற்கைச் சூட்டில் வளர்த்தால் அதே கோழி அதே மரபணுக்களோடு கூடுதல் சுற்று முட்டையிடும்.

அடைக் குணத்தில் பல மரபணுக்கள் பங்கு பெறுகின்றன. அடை உட்காராத லெகார்னை நாட்டுக்கோழியோடு சேர்த்தால் மகள்களில் பல மீண்டும் உட்காரத் தொடங்கும். மின்சாரமும் இன்குபேட்டரும் இல்லாத வீட்டில் அடைக் குணத்தை ஒழிப்பது முட்டாள்தனம். நான்கைந்து நல்ல அடைக்கோழிகளைத் தனியாகக் காப்பாற்றிக்கொண்டு, முட்டைக்கோழி வரிசையில் மட்டும் அந்தக் குணத்தைக் குறைப்பதுதான் சிறு வளர்ப்பாளருக்கு ஏற்றது.

ஒரே ஒரு மரபணுவால் பொரிப்பு கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். மூன்று கணக்குகளும் எவ்வளவு தனித்தனி என்பதற்கும் இதுவே நல்ல சான்று.

முதலாவது, ரோஜாக் கொண்டை. தட்டையாக, மேலே சிறு மொட்டுகளோடு இருக்கும் கொண்டை. இந்த மரபணுவின் இரண்டு பிரதியையும் பெற்ற சேவலின் விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை, கருவுறுதல் குறைகிறது. ஏன் என்பது 2012-இல் தெளிவானது: ஏழாம் குரோமோசோமில் சுமார் 74 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஒரு முனை கொண்டையின் வடிவத்தை மாற்றுகிறது, மறுமுனை விந்தணுவுக்கு வேண்டிய ஒரு மரபணுவை உடைத்துவிடுகிறது. பெட்டைக்குப் பாதிப்பில்லை, ஒரே பிரதி உள்ள சேவலும் சமாளித்துவிடுகிறது. ரோஜாக் கொண்டை இனங்களில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள் அவ்வப்போது தலைகாட்டுவது இதனால்தான்: ஒரு பிரதிச் சேவல்கள் அதிகப் பிள்ளைகளைப் பெறுகின்றன.

இரண்டாவது, எனக்கு மிகவும் வியப்பான ஒன்று. 1954-இல் வெள்ளை லெகார்னில் கண்டறியப்பட்டது. ரிபோஃபிளேவினை முட்டைக்குள் கொண்டு சேர்க்கும் புரதம் அந்தப் பெட்டைகளுக்கு இல்லை. கோழி ஆரோக்கியமாக இருக்கும், முட்டை வழக்கம் போல வரும், கருவும் கூடும். ஆனால் பதின்மூன்றாம் நாள் வாக்கில் கருக்கள் செத்துவிடும். முட்டைக்குள் ரிபோஃபிளேவினை ஊசி வழியே செலுத்தினால் குஞ்சு பிழைக்கிறது. முட்டை எண்ணிக்கை முழுமை, கருவுறுதல் முழுமை, பொரிப்பு மட்டும் பூஜ்யம்.

குட்டைக்கால் பேண்டம் கோழிகளை ஜோடியாக வாங்கி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குட்டைக்கால் மரபணு இரண்டு பிரதியாகச் சேர்ந்தால் கரு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும். குட்டையோடு குட்டையைச் சேர்த்தால் நான்கில் ஒன்று போகும். ஒன்று குட்டைக்கால், மற்றது சாதாரணக் கால் என்று சேர்த்தால் இந்த இழப்பே இல்லை. கழுத்தில் இறகில்லாத கோழி வெயிலைத் தாங்குவதில் கெட்டி. ஆனால் இரட்டைப் பிரதி உள்ளவற்றில் பொரிப்பு சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

என்னிடம் ஒரே சேவல்தான். அதன் மகள்களோடே சேர்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை வீடுகளில் பொரிப்பு ஆண்டுக்கு ஆண்டு சரிவதற்கு, வெயிலுக்கு அடுத்தபடி, இதைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

1948-இல் ஷாஃப்னர் என்பவர் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. உள்ளினச்சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுக்குள் இணை சேர்வதன் அளவு, ஒவ்வொரு 10 சதவீதம் கூடும்போதும் பொரிப்பு ஏறத்தாழ 4.4 புள்ளி குறைகிறது, ஆண்டு முட்டை ஏறத்தாழ 9 குறைகிறது. தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குஞ்சில் உள்ளினச்சேர்க்கை 25 சதவீதம். அண்ணன் தங்கை சேர்ந்தாலும் அதே 25. அப்படியென்றால் ஒரே தலைமுறையில் பொரிப்பில் பத்துப் புள்ளிக்கு மேல் போகிறது. முட்டை இழப்பை நாட்டுக்கோழிக்கு அப்படியே போட முடியாது. சதவீதமாகப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கை ஒட்டிய இழப்பு. உடல் எடை மட்டும் பெரிதாகக் குறையாது. குஞ்சு திடமாகத் தெரிவதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

இன்னொரு கணக்கு. சேவலிடம் மறைந்திருக்கும் ஒரு கொல்லி மரபணு இருந்தால், மகள்களில் பாதிக்கு அது போகும். தகப்பன் மகள் சேர்க்கையில் எட்டில் ஒரு கரு இரண்டு பிரதியும் பெற்று இறக்கும்.

ஒரு சேவல், பத்துப் பெட்டை என்று மூடிய கூட்டமாக வைத்தால் தலைமுறைக்குச் சுமார் 14 சதவீதம் உள்ளினச்சேர்க்கை ஏறுகிறது. அதே பத்துப் பெட்டைக்கு உறவில்லாத மூன்று சேவல் வைத்தால் ஐந்தரை சதவீதத்துக்கும் கீழே வருகிறது. பெட்டையைக் கூட்டுவதைவிடச் சேவலைக் கூட்டுவதுதான் பலன் தரும். இடம் இல்லையா? பக்கத்து ஏரியாவில் வளர்க்கும் இரண்டு மூன்று பேரோடு பேசி, ஆண்டுக்கொரு முறை சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடத்தில் வாங்கினால் மூன்று வாரமாவது தனியே வைத்து, நோய் இல்லை என்று உறுதியானபின் சேருங்கள்.

முட்டை போடாத சேவலுக்கு முட்டை எண்ணிக்கையில் என்ன பங்கு?

பாதிப் பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். கோழியில் பெட்டைக்கு இசட், டபிள்யூ என்று இரண்டு பால் குரோமோசோம், சேவலுக்கு இரண்டும் இசட். பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் பெறுகிறது. இசட்டில் இருக்கும் முட்டை தொடர்பான மரபணுக்கள் முழுக்க அப்பா வழி. ஆகவே சேவலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மீசையையும் நடையையும் பார்ப்பதோடு நிற்காமல், அதன் அம்மாவும் அக்கா தங்கைகளும் எத்தனை முட்டை போட்டார்கள் என்று கேளுங்கள்.

வீட்டளவில் தேர்வு செய்தால் எவ்வளவு முன்னேற்றம் எதிர்பார்க்கலாம்?

உங்கள் கூட்டத்தின் சராசரி ஆண்டுக்கு 70 முட்டை. நீங்கள் தாயாக எடுத்தவை 100 போட்டவை. 30 கூடுதல். கடத்தப்படும் அளவு 0.2 என்றால் அந்த முப்பதில் ஆறு மட்டுமே மரபணுவின் பங்கு. சேவல் சாதாரணமானது என்றால் அதிலும் பாதி, மூன்று முட்டை, மகள்களில் கூடும். சேவலும் அப்படிப்பட்ட தாயின் மகன் என்றால் நாலரை. கேட்கக் கொஞ்சமாக இருக்கும். ஆனால் தலைமுறைதோறும் சேரும் தொகை இது.

இதே வழியில் பொரிப்பை உயர்த்த முயன்றால் சோர்ந்துபோவீர்கள். உண்மையான பொரிப்பு 80 சதவீதமுள்ள ஒரு பெட்டையின் பத்து முட்டையை வைத்தால், அதிர்ஷ்டத்தால் மட்டுமே ஒருமுறை ஆறும் இன்னொரு முறை பத்தும் பொரியும். ஒரு அடையைப் பார்த்து "இது நல்ல கோழி, அது மோசம்" என்று முடிவு செய்யவே முடியாது. ஒரு கோழிக்கு நாற்பது முட்டையாவது கணக்கில் வந்தபிறகே ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது.

என் யோசனை இது. முட்டை எண்ணிக்கையைத் தேர்வால் உயர்த்துங்கள். பொரிப்பை வேற்று ரத்தத்தாலும் பராமரிப்பாலும் காப்பாற்றுங்கள், மோசமான குடும்பங்களை மட்டும் கழியுங்கள். குஞ்சின் காலில் நிற வளையம் போட்டு, தாய் யார், தகப்பன் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே ஜோடியின் முட்டைகளில் ஒரே வயதில் கரு சாவது திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள். புதுச் சேவலைச் சோதிக்கும்போது, பழைய சேவலை விலக்கி மூன்று வாரம் கழித்து வரும் முட்டையையே எண்ணுங்கள். அதற்கு முன் வருவதில் பழைய சேவலின் விந்தணுக்கள் இருக்கலாம்.

கத்திரி வெயிலில் பொரிப்பு பாதியாகிவிட்டது. இதுவும் மரபுதானா?

பெரும்பாலும் இல்லை. வெப்பத்தில் சேவலின் விந்துத் தரம் விழும், பெட்டையின் தீனி குறையும், ஓடு மெலியும். அதைவிட முக்கியமானது முட்டையைச் சேர்த்து வைக்கும் இடம். சுமார் 20, 21 டிகிரிக்கு மேல் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். அடைச் சூடான 37.5 டிகிரி கிடைக்காததால் அந்த வளர்ச்சி கோணலாகி, கரு இளைத்துச் சாகும். சென்னை வீட்டுக்குள் மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது, மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம். பொரிப்பகங்களில் 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் வரை வைப்பார்கள். வீட்டில் ஈர மணல் நிரப்பிய மண் பானைக்குள், நிழலான மூலையில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் எடுத்த பொரிப்புக் கணக்கை வைத்து எந்தக் கோழியையும் கழிக்காதீர்கள்.

கலப்பினக் கோழியின் முட்டையிலிருந்து அதே போன்ற கோழி எடுக்க முடியுமா? நல்ல தாய் இனத்துக்கு எங்கே போவது?

வணிகக் கலப்பினம் என்பது வெவ்வேறு வரிசைகளைச் சேர்த்துக் கடைசியில் கிடைக்கும் மகள். பெற்றோரை மிஞ்சும் அந்த வீரியம் ஜோடி சேர்ந்ததால் வந்தது. கலப்பினத்தையே கலப்பினத்தோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அதில் ஒரு பகுதி போய்விடும், குணங்களும் சிதறும். முட்டைக்கு வளர்க்கலாம், இனப்பெருக்கத்துக்கு நம்ப வேண்டாம்.

நம் ஊரிலேயே இதற்கான அறிவு இருக்கிறது. வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. நந்தனம் என்ற பெயரோடு வரும் கோழி ரகங்கள், சென்னை நந்தனத்தில் இயங்கிய கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. அந்த நிலையமும் பின்னர் மாதவரத்துக்கு மாறியது. தாம்பரத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். போகும்போது உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வைத்தேன், எத்தனையில் கரு தெரிந்தது, எத்தனை பொரிந்தது, எத்தனையாம் நாளில் செத்தது என்ற நான்கு எண் இருந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரால் கோளாறு சேவலிலா, முட்டையிலா, இன்குபேட்டரிலா என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க முடியும்.